ஓட்டை எந்தப் பக்கம்?

வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சுவரில் மூன்று ஓட்டை, வயர் நுனியில் மூன்று பின். இதையே தலைகீழாகச் செய்திருந்தால்? சுவரிலிருந்து மூன்று பித்தளைப் பின்கள் 240 வோல்ட்டோடு நீட்டிக்கொண்டு நிற்கும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை நினைத்துப் பார்க்கவே மனம் வராது. மின்சாரம் வருகிற பக்கம் ஓட்டை, வாங்குகிற பக்கம் பின். யாரும் நமக்கு இதை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் தினமும் அந்த விதியை நம்பித்தான் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போடுகிறோம்.

இதை எழுதக் காரணம் ஒரு நேயர். காலை நிகழ்ச்சியில், வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஷா ஆலாமிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலையாம். ஒரே கேள்விதான் கேட்டார். “அக்கா, ரெக்கை நுனியைக் கழற்றலாம்னு சொன்னீங்க. அதுல லைட் இருக்குமே, வயரை என்ன பண்ணுவாங்க?”

செய்தி நேரம் நெருங்கிவிட்டதால், பதிலை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று சொன்னேன். நல்ல கேள்வி. விமானம் என்றதும் நாம் இறக்கையையும் எஞ்சினையும் பார்ப்போம். வேலை தெரிந்த கை வயரைத்தான் முதலில் பார்க்கும்.

முதலில் இந்த விமானம் கட்டுகிற கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் இது பெரிய உலகம். விஸ்கான்சின் மாநிலத்தில் 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதம் ஓஷ்கோஷ் என்ற ஊரில் அவர்கள் கூடும்போது, புல்வெளி முழுக்கக் கையால் கட்டிய விமானங்கள் வரிசைகட்டி நிற்கும். ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறது. அப்படி வாங்கிக் கட்டிப் பறக்கவிட்ட ஆர்வி வகை விமானங்கள் மட்டுமே 11,000-ஐத் தாண்டிவிட்டன. வேலையில் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் என்று யார் யாரோ கட்டுகிறார்கள். ஆணி அடிக்கவும் தகடு வளைக்கவும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். வயர் வேலை வரும்போது பலருக்கும் கை தயங்கும்.

இனி விளக்குக்கு வருவோம். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பு 110 பாகை அகலத்துக்குத் தெரிய வேண்டும், பச்சையும் 110 பாகை, வெள்ளை 140 பாகை. கூட்டிப் பாருங்கள், 360. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு நிறம் கண்ணில் படும். எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் ஒரு விமானம் உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். அமெரிக்க விதிப்படி சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை இந்த விளக்குகள் எரிய வேண்டும். இவற்றோடு, மோதலைத் தவிர்க்கப் பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கும் பெரும்பாலும் அதே நுனியில்தான் இருக்கும்.

ஆர்வி விமானத்தின் இறக்கை அலுமினியம். நுனி மட்டும் ஃபைபர்கிளாஸ் தொப்பி. வரிசையாகச் சின்ன ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். விளக்கை மாற்ற, உள்ளே பார்க்க, ஆண்டுப் பரிசோதனை செய்ய என்று அந்தத் தொப்பியை அவ்வப்போது கழற்ற வேண்டும். கழற்றும்போது விளக்கும் தொப்பியோடு கையில் வந்துவிடும். வயர் மட்டும் இறக்கைக்குள்ளிருந்து வருகிறது. இடையில் பிரிக்க ஏதாவது வேண்டும். தம்பி கேட்டது இதைத்தான்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. விமானப் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கும் பைப்பர் பிஏ-28 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள், செரோக்கி, வாரியர், ஆர்ச்சர் என்று பல பெயரில் வந்தது. அதன் தரையிறங்கும் விளக்கு மூக்கிலேயே, எஞ்சின் மூடியில் பொருத்தியிருக்கும். எண்ணெய் மாற்றவோ ஸ்பார்க் பிளக் பார்க்கவோ மூடியைக் கழற்றுகிறவர், முதலில் அந்த விளக்கின் வயரைப் பிரித்தாக வேண்டும். மறந்து மூடியைத் தூக்கினால் வயர் இழுபடும். பயிற்சிப் பள்ளி விமானத்துக்கு இந்த வேலை அடிக்கடி வரும். இறக்கை நுனியை ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றினால், மூக்கு மூடியைப் பல தடவை கழற்றுவார்கள்.

கனெக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. “எத்தனை ஆம்பியர்?” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அதுவும் வேண்டும். ஆனால் “எத்தனை தடவை கழற்றுவோம், யார் கழற்றுவார், அந்த நேரத்தில் அவர் கை எங்கே இருக்கும்?” என்பது அதற்கு முந்திய கேள்வி என்பேன். நல்ல மின்சாரக் கணக்குப் போட்டு வாங்கிய கனெக்டர், எண்ணெய் வழியும் கையால் குனிந்தபடி ஒருவர் இழுக்கும்போது தோற்றுப்போனால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம், பள்ளிப் பாடம்தான். பழைய வகைத் தரையிறங்கும் விளக்கு ஒன்று, 4509 என்ற எண் கொண்டது, 13 வோல்ட்டில் 100 வாட். ஏறக்குறைய 7.7 ஆம்பியர் இழுக்கும். கனெக்டருக்குள் பின்னும் ஓட்டையும் தொடுகிற இடம் துருவேறி, ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்று வையுங்கள். வெறும் 0.1 ஓம். அங்கே முக்கால் வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். இழை விளக்குக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும். இந்த முக்கால் வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

போன அந்த மின்சக்தி எங்கே போனது? கனெக்டரில் வெப்பமாக உட்கார்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட 6 வாட். 6 வாட் பெரிதா என்று கேட்கலாம். அது ஒரு கொண்டைக்கடலை அளவு இடத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் இளகும், பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை இன்னும் கூடும், வெப்பம் இன்னும் கூடும். ஒரு நாள் மூடியைத் திறந்தால் கனெக்டர் பழுப்பு நிறத்தில் உருகிப்போயிருக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகிற இடம் அது. விரைவுச்சாலையில் கார் புகைந்தால் அவசரப் பாதையில் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம். வானத்தில் அவசரப் பாதை கிடையாது.

அதே 0.1 ஓம் தடை, அரை ஆம்பியர்கூட இழுக்காத எல்இடி நுனி விளக்கில் வந்தால் ஒன்றும் ஆகாது. வெப்பம் வாட்டில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்இடி வந்த பிறகு இறக்கை நுனிக் கனெக்டரின் வேலை பாதி சுலபமாகிவிட்டது. எடை குறைந்தது, சூடு குறைந்தது, மெல்லிய வயரே போதும் என்றானது. பழைய புத்தகங்களைப் பார்த்துப் பெரிய கனெக்டரை இன்றைக்கும் வாங்குகிறவர்கள் தேவையில்லாத பாரத்தைச் சுமக்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? நம் ஊர் வயர்மேன் பையில் இருக்கும் வெள்ளை ஸ்க்ரூ கனெக்டரும் கறுப்பு டேப்பும் வீட்டு மின்விசிறிக்கு நன்றாக வேலை செய்யும். விமானத்தில் கூடாது. காரணம் அதிர்வு. சின்ன விமானத்தின் நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், ஒரு மணி நேரத்தில் 1,44,000 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை பறந்தால் அந்த ஸ்க்ரூ எத்தனை லட்சம் தடவை உலுக்கப்பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். எஞ்சின் வெப்பத்தில் அதன் பசை இளகி வழிந்துவிடும்.

விமானம் கட்டுகிறவர்களிடையே இறக்கை நுனிக்கு அதிகம் செல்வாக்குள்ள ஒன்று, நம்மில் பலர் கையால் தொட்ட பொருள். பழைய மேசைக் கணினிக்குப் பின்னால் திரையைச் செருகும் நீல நிறப் பிளக் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் கையால் திருகும் ஸ்க்ரூ இருக்கும். அதன் முகம் ஆங்கில ‘டி’ எழுத்துப் போல இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கே டி-சப் என்று பெயர். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், அதனால் தலைகீழாகச் செருக முடியாது. 1952-இல் கேனன் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. எனக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மகிழ்ச்சி. எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் மைக்குக்குச் செருகுகிற மூன்று பின் பிளக், எக்ஸ்எல்ஆர் என்பது, அதுவும் அதே கேனன் வீட்டுப் பிள்ளைதான். உங்கள் காதுக்கு என் குரல் வருகிற வழியில் இருக்கும் கனெக்டரும், ஓஷ்கோஷ் புல்வெளியில் நிற்கும் விமானத்தின் பச்சை விளக்குக்குப் போகிற கனெக்டரும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

அந்த டி-சப்பில் ஒன்பது பின் உள்ள சிறியதை எடுத்து, கடைந்து செய்த, தங்க முலாம் பூசிய பின்களைப் போடுவார்கள். ஒரு பின்னுக்கு 5 ஆம்பியர் தாங்கும். எல்இடி நுனி விளக்குக்கு வேண்டியது நாலைந்து வயர்தான்: நிற விளக்குக்கு ஒன்று, ஸ்ட்ரோப்புக்கு ஒன்று, இரண்டு இறக்கையும் ஒன்றாக வெட்டுவதற்கு ஒன்று, திரும்பி வர ஒன்று. மிச்சப் பின்கள் சும்மா இருக்கட்டும், நாளைக்கு ஏதாவது சேர்க்க உதவும். ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் அதிர்வில் கழன்று வராது. விலையும் குறைவு. என்னைக் கேட்டால் இறக்கை நுனிக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

தங்க முலாம் என்றதும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளீய முலாம் பூசிய பின், அதிர்வில் மெல்ல மெல்ல உராய்ந்து, உராய்ந்த இடத்தில் கறுப்பாக ஆக்சைடு படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவே போதும். தங்கம் அப்படிப் படியவிடாது. ஆனால் ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளீயம் என்று கலந்து போட்டால் இரண்டும் கெட்டுவிடும். கனெக்டரின் இரண்டு பாதியையும் ஒரே வகையாக வாங்குவது நல்லது.

மூக்கு விளக்குக்கு டி-சப்பை நான் சொல்லமாட்டேன். அது தண்ணீரையும் எண்ணெயையும் தடுக்காது. அங்கே லாரியிலும் டிராக்டரிலும் போடுகிற டாய்ச் டிடி வகை பொருந்தும். ஒவ்வொரு வயரும் நுழையும் இடத்தில் சிலிக்கோன் அடைப்பு, 13 ஆம்பியர் தாங்கும் தடித்த பின், 125 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும் உடல். வெளியே ஒரு நாக்கு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் பிரியும், செருகினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் முக்கியம். இருட்டிலும் குனிந்தும் வேலை செய்கிறவருக்குக் கண்ணைவிடக் காதுதான் சாட்சி. வானொலிக்காரி சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பருமனான கனெக்டர்தான், எடையும் கூட. எஞ்சின் பக்கத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குடும்பம் மேட்-என்-லாக். பழைய கணினிப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் வெள்ளை நாலு ஓட்டைப் பிளக்கை எல்லோரும் மோலெக்ஸ் என்று அழைப்போம். உண்மையில் அந்த வடிவம் ஏஎம்பி நிறுவனத்தின் மேட்-என்-லாக் குடும்பம். பெயர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. இதன் மூன்று பின் தம்பியைப் பழைய செனான் ஸ்ட்ரோப் விளக்குகளில் காணலாம். அந்த விளக்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: விமானம் 12 வோல்ட்தானே என்ற தைரியத்தில் யாரும் அந்தக் கனெக்டரைப் பிரிக்கக்கூடாது. ஸ்ட்ரோப்பின் மின்பெட்டி அந்த 12 வோல்ட்டைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்தி, கெப்பாசிட்டரில் சேமித்து வைத்துத்தான் குழாய்க்கு அனுப்புகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அந்தச் சேமிப்பு சில நிமிடம் உள்ளேயே இருக்கும். அணைத்துவிட்டு, போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து கைவைப்பதே உயிருக்கு நல்லது.

இங்கேதான் ஓட்டை எந்தப் பக்கம் என்பது வருகிறது. இறக்கைக்குள்ளிருந்து, அதாவது பேட்டரி இருக்கும் திசையிலிருந்து வருகிற வயரின் நுனியில் ஓட்டை உள்ள பாதி இருக்க வேண்டும். விளக்கோடு கழன்று வருகிற பாதியில் பின். மாற்றிப் போட்டுவிட்டால், தொப்பியைக் கழற்றிய பிறகு இறக்கையின் வாயில் வெற்றுப் பின் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால், அது அலுமினியத்தில் பட்டதும் பொறி பறக்கும். 12 வோல்ட் நம்மை உதறித் தள்ளாது என்பது உண்மை. ஆனால் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டக்கூடியது. ஆர்வி போன்ற விமானங்களில் பெட்ரோல் இறக்கைக்குள்ளேயேதான் இருக்கிறது. ஃபியூஸோ பிரேக்கரோ இருக்கிறதே என்றால், அது வயர் எரியாமல் காப்பதற்கு. பறந்த முதல் பொறியை அது தடுக்காது.

இதுவரை சொன்னது எந்தக் கனெக்டர் என்பது. அதைவிட அதிகம் தவறு நடக்கும் இடம், வயரைப் பின்னோடு சேர்க்கிற வேலை. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்பது நம் வீட்டு நம்பிக்கை. ரேடியோப் பெட்டியைத் திறந்து பழுது பார்த்த தாத்தாக்கள் நமக்குக் கொடுத்த சொத்து. பெட்டிக்குள் அது சரி, அங்கே எதுவும் ஆடுவதில்லை. விமானத்து வயர் பல மெல்லிய செப்பு இழைகளை முறுக்கிச் செய்தது, வளைய வேண்டும் என்பதற்காகவே. சூடான ஈயம் அந்த இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு மேலே ஏறும். ஏறிய தூரம் வரை வயர் ஒரே கம்பியாக இறுகிவிடும். இறுகியது முடிந்து, வளைகிற பகுதி தொடங்கும் அந்தக் கோட்டில் அதிர்வு முழுவதும் குவியும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். மேலே உறை முழுதாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். விளக்கு சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. ஈயம் வைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஈயம் வைத்த இடத்துக்குப் பின்னால் வயரை நன்றாகத் தாங்கிக் கொடுத்தால் அதுவும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு கிரிம்பிங்தான் நம்பகமானது.

கிரிம்பிங் என்றால் பின்னின் பின்புறக் குழாய்க்குள் வயரை நுழைத்து, கருவியால் நசுக்கிப் பிடிக்க வைப்பது. கருவி மலிவு விலை இடுக்கியாக இருக்கக்கூடாது. முழுவதும் அழுத்தி முடித்தால்தான் திறக்கும் பற்சக்கரக் கருவி வேண்டும். பாதி அழுத்திவிட்டு விட நினைத்தாலும் அது விடாது. மனிதனின் அவசரத்தைக் கருவியே பிடித்து நிறுத்துகிறது. நல்ல கிரிம்ப் செப்பை மட்டும் பிடிப்பதில்லை, வயரின் மேல் உறையையும் சேர்த்துப் பிடிக்கும். விமானக் கடைகளில் கிடைக்கும் உயர்தர வகையில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே இன்னொரு உலோகக் குழாய் இருப்பது இதற்குத்தான். அசைவைச் செப்பு இழைகள் சுமக்காமல் உறை சுமக்கும். கார் கடைகளில் கிடைக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள் முனைகளும் பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே அந்தக் குழாய் இருக்காது. வயரும் அப்படித்தான். மலிவான பிவிசி உறை எரிந்தால் நச்சுப் புகை விடும். விமானம் கட்டுகிறவர்கள் வாங்குவது 150 பாகை செல்சியஸ் வரை தாங்கும் டெஃப்செல் உறை வயர். முகர்ந்து பார்த்து வித்தியாசம் தெரிகிற நேரத்தில் நாம் வானத்தில் இருப்போம், அதனால் கடையிலேயே கேட்டு வாங்குவது மேல்.

புதிதாகக் கட்டுகிறவரைத் தடுமாறவைக்கும் ஒன்று, திரும்பி வரும் மின்சாரம். காரில் ஒரு வயர் விளக்குக்குப் போகும், திரும்பி வர வண்டியின் இரும்பு உடலே பாதை. அலுமினிய விமானத்திலும் அப்படிச் செய்யலாம். ஆனால் நுனித் தொப்பி ஃபைபர்கிளாஸ், அதில் மின்சாரம் ஓடாது. எனவே திரும்பும் வயரும் கனெக்டர் வழியாகவே போய் இறக்கைக்குள் சேர வேண்டும். ஒரு பின் அதற்கு என்று ஒதுக்காதவர், விளக்கைப் பொருத்திவிட்டு ஏன் எரியவில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டிருப்பார்.

என் தொழிலுக்கு நெருக்கமான தொல்லை ஒன்றும் இதில் உண்டு. நம் பண்பலை வானொலி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு மேலே 118 வரை விமானங்களுக்குத் திசை காட்டும் அலைகள், 118 முதல் 137 வரை விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அலைகள். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோப்பின் மின்பெட்டியோ, தரம் குறைந்த எல்இடி சுற்றோ இரைச்சலைக் கக்கினால், விமானியின் காதில் ‘டிக் டிக்’ என்றோ ‘ஙொய்’ என்றோ கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஸ்ட்ரோப் வயருக்கு மேல் உலோகப் பின்னல் உறை. கனெக்டர் இருக்கும் இடத்தில் அந்தப் பின்னலை வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஒரு பின் ஒதுக்கிக் கடத்திவிட வேண்டும், விளக்கு தயாரித்தவர் சொன்ன முனையில் மட்டும் அதை உடலோடு இணைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இணைத்தால் புதிய இரைச்சல் பிறக்கும். ஒலிபரப்புக் கூடத்தில் வயர் இழுத்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டு அனுபவித்திருப்பார்கள்.

இவ்வளவும் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு. தொழிற்சாலையில் செய்து சான்றிதழ் பெற்ற பைப்பர் போன்ற விமானத்தில் நமக்குப் பிடித்த கனெக்டரைப் போட முடியாது. தயாரிப்பாளரின் புத்தகம் சொல்வதுதான், மாற்ற வேண்டுமானால் அனுமதி. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: அமெரிக்க விமான விதிகளின் 43-ஆம் பகுதியில், மெக்கானிக் இல்லாமல் விமானியே செய்துகொள்ளக்கூடிய சின்னப் பராமரிப்பு வேலைகளின் பட்டியல் இருக்கிறது. டயர் மாற்றுவது, பல்பு மாற்றுவது என்று போகிற அந்தப் பட்டியலில், தரையிறங்கும் விளக்கின் வயர் அறுந்திருந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. வேறு எந்த விளக்கின் வயருக்கும் அந்தச் சலுகை இல்லை. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் அந்த வயரோடு நிறையப் போராடியிருப்பார் போல.

கடைசியாக வாங்கும்போது பார்க்க வேண்டியது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை. மூக்கிலோ நுனியிலோ ஒரே மாதிரி இரண்டு கனெக்டர் அருகருகே இருந்தால், என்றாவது ஒருநாள் ஒருவர் மாற்றிச் செருகுவார். ஸ்ட்ரோப்பின் உயர் வோல்ட் நிற விளக்குக்குள் போனால் அது அத்தோடு முடிந்தது. சாயம் பூசி அடையாளம் வைப்பார்கள், சீட்டு ஒட்டுவார்கள். எண்ணெய் பட்டால் சீட்டு உரிந்துவிடும், மங்கிய வெளிச்சத்தில் சாயம் தெரியாது. வேறு வேறு வடிவத்தில், அல்லது வேறு எண்ணிக்கைப் பின்னோடு வாங்கிவிட்டால், மாற்றிச் செருக நினைத்தாலும் முடியாது.

வயரைக் கொஞ்சம் நீளமாகவும் விட வேண்டும், தொப்பியை ஒரு சாண் வெளியே இழுத்ததும் கனெக்டர் கைக்கு எட்டும் அளவுக்கு. ரொம்ப நீளம் விட்டால் உள்ளே தொங்கி உரசும், ஒரு கிளிப்பில் பிடித்து வைக்கலாம். எல்லாம் மாட்டிய பிறகு, ஸ்க்ரூ போடுவதற்கு முன்பாக, ஒருவர் உள்ளே உட்கார்ந்து விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று, விளக்கு எரியும்போதே வயரைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். இம்மி மினுக்கினாலும் ஸ்க்ரூவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கழற்ற வேண்டியதுதான்.